குனிந்து பார்த்தால் கோடி கதை! - அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி காலணிகளும் ஒரு கேமராவும்

வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள உள்ளே போக வேண்டியதில்லை. வாசலைப் பார்த்தாலே போதும். குதி தேய்ந்த ரப்பர் செருப்பு என்றால் பக்கத்து வீட்டுப் பாட்டி. ஒன்று கிழக்கிலும் இன்னொன்று மேற்கிலுமாகக் கழற்றி வீசப்பட்ட கறுப்பு ஷூ என்றால் பள்ளிக்கூடம் விட்டாயிற்று. ஓரமாக, ஒழுங்காக, ஜோடி சேர்த்து வைக்கப்பட்ட புதுத் தோல் செருப்பு என்றால், பெண் பார்க்க வந்தவர்களாக இருக்கலாம். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாகவும் இருக்கலாம்!

ஆளைக் காட்டாமலேயே ஆளைப் பற்றி இவ்வளவு சொல்லும் பொருள் வீட்டில் வேறு எது இருக்கிறது? ஆனாலும் குடும்ப ஆல்பத்தைப் புரட்டினால் செருப்புக்கு ஒரு படம்கூட இருக்காது. கேமராவைக் கையில் எடுத்ததும் பிறக்கும் முதல் உத்தரவே, 'அந்தச் செருப்பையெல்லாம் ஓரமா தள்ளுங்க' என்பதுதான்.

அப்படித் தள்ளப்படும் செருப்பையே நாயகனாக வைத்துப் படம் எடுப்பது புகைப்படக் கலையில் பலரும் விரும்பிச் செய்யும் ஒரு பயிற்சி. 'ஸ்டில் லைஃப்' என்பார்கள். அசையாத பொருள்களை ஓர் இடத்தில் அமைத்து, வெளிச்சத்தைப் பார்த்து, பொறுமையாக எடுக்கும் படம். பழக்கூடையும் பூச்சாடியும்தான் இதற்கு வழக்கமான பொருள்கள். ஆனால், ஆப்பிளுக்கு வாழ்க்கை வரலாறு கிடையாது. செருப்புக்கு உண்டு.

சென்னையின் மேற்கு விளிம்பில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் வசதி. அம்பத்தூரில் தொழிற்சாலை ஷூ, ஆவடியில் சீருடைக்காரர்களின் பூட்ஸ், பூந்தமல்லி வட்டாரத்தில் கோயில் வாசல் செருப்புகள் என மூன்று விதமான காலணிகளும், அவற்றைப் படமெடுக்கும் மூன்று விதமான பாடங்களும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் கிடைக்கின்றன.

'இது யாருடைய செருப்பு?'

காலணியை முதலில் கௌரவப்படுத்தியவர்களில் ஓவியர் வான்கா முக்கியமானவர். 1886-ல் பாரிஸில் இருந்தபோது ஒரு ஜோடி பழைய ஷூக்களை அவர் ஓவியமாக வரைந்தார். பழைய பொருள் சந்தையில் அந்த ஷூக்களை வாங்கி, அவை போதுமான அளவுக்கு அழுக்காக இல்லை என்று மழைச் சேற்றில் போட்டுக்கொண்டு நடந்த பிறகே வரைந்தார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது.

அந்த ஓவியத்தை வைத்துப் பெரிய சர்ச்சையே நடந்தது. 'இது வயலில் உழைக்கும் ஒரு பெண்ணின் ஷூ' என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹைடெக்கர் பக்கம் பக்கமாக எழுதினார். 'இல்லை, இது நகரத்தில் வாழ்ந்த ஓவியரின் சொந்த ஷூ' என்று கலை வரலாற்று அறிஞர் மேயர் ஷபிரோ 1968-ல் மறுத்தார். ஒரு ஜோடி பழைய ஷூவைப் பார்த்து, 'இதைப் போட்டு நடந்தவர் யார்?' என்று இரண்டு அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள் என்றால், அந்தப் படம் ஜெயித்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

கேமராவில் அதே வேலையைச் செய்தவர் அமெரிக்கரான வாக்கர் எவன்ஸ். 1936 கோடையில், பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருந்த அலபாமா மாநிலத்தில் குத்தகை விவசாயிகளின் குடும்பங்களை அவர் படமெடுத்தார். அப்போது ஃபிளாய்ட் பரோஸ் என்ற விவசாயியின் வேலை ஷூக்களை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்தார். வெறும் மண் தரை. நாடா தளர்ந்த, சுருக்கம் விழுந்த ஒரு ஜோடி ஷூ. வேறு எதுவும் கிடையாது. விவசாயியின் முகம் அதில் இல்லை. ஆனாலும் அது அவருடைய படம்தான். காலணியைப் படமெடுக்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய முதல் படம் இது.

அம்பத்தூர்: தோலுக்குள் தெரியும் இரும்பு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் முகங்களைப் பார்க்காமல் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றால், பெரும்பாலும் ஒரே வகை ஷூ கண்ணில் படும். கறுப்பு நிறம், தடித்த அடிப்பாகம், உருண்ட மூக்கு. சேஃப்டி ஷூ.

அந்த உருண்ட மூக்குக்குள் ஒரு கவசம் இருக்கிறது. பெரும்பாலும் இரும்புதான். இந்தியத் தர நிர்ணயத்தின்படி, இந்த வகைப் பாதுகாப்புக் காலணியின் மூக்கு 200 ஜூல் அளவு மோதலைத் தாங்க வேண்டும். வீட்டு மொழியில் சொன்னால், 20 கிலோ எடையை சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் போட்டாலும் விரல் தப்ப வேண்டும். லேத் பட்டறையிலும் பிரஸ் ஷாப்பிலும் வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு ஷூ மட்டுமில்லை; வீட்டுக்கு முழுசாகத் திரும்பி வருவதற்கான ஏற்பாடு.

நாள்பட உழைத்த சேஃப்டி ஷூவில் ஓர் அழகு உண்டு. மூக்குப் பக்கத் தோல் உரசி உரசித் தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு ஒரு கீற்றாக வெளியே மின்ன ஆரம்பிக்கும். ஷூவை மாற்றியாக வேண்டும் என்பதற்கான அறிகுறி அது. மாற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பதற்கான அறிகுறியும் அதுவே!

இங்கே கற்க வேண்டிய பாடம், பக்கவாட்டு வெளிச்சம். தேய்மானம், சுருக்கம், கீறல் போன்றவை எல்லாம் மேடு பள்ளங்கள். நேர் எதிரே இருந்து வெளிச்சம் விழுந்தால் எல்லாம் ஒரே சமதளமாகத் தெரியும். அதனால்தான் மொபைல் ஃபிளாஷில் எடுத்த ஷூ, அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. காலை எட்டு மணி வெயிலோ, மாலை ஐந்து மணி வெயிலோ ஜன்னல் வழியாகத் தரையை உரசிக்கொண்டு வரும்போது ஷூவை வையுங்கள். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு நிழல் கிடைக்கும். கால் எங்கே மடங்கியது, எந்தப் பக்கம் சாய்ந்து நின்று வேலை செய்தார் என்பது வரை படத்தில் வந்துவிடும்.

முக்கியமான ஒன்று: துடைக்காதீர்கள். ஷூவில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளும் எண்ணெய்க் கறையும்தான் இந்தப் படத்தின் கதை.

ஆவடி: கறுப்புக் கண்ணாடியைப் படமெடுப்பது எப்படி?

ஆவடியில் பாடம் தலைகீழ். இங்கே ஒரு தூசிகூட இருக்கக் கூடாது!

டாங்க் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்கள் எனச் சீருடைக்காரர்கள் நிறைந்த ஊர் ஆவடி. இங்கே பல வீடுகளில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சடங்கு நடக்கும். பாலிஷ் டப்பா, பிரஷ், பழைய பனியன் துணி. மூக்குப் பகுதியில் துளித் தண்ணீர் தொட்டு, விரலில் துணியைச் சுற்றி, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும்.

அந்த முகம் தெரிவதுதான் படமெடுப்பவருக்குத் தலைவலி. பளபளக்கும் பூட்ஸ் ஒரு கறுப்புக் கண்ணாடி. அதைப் படமெடுத்தால் டியூப் லைட், ஜன்னல் கம்பி, படமெடுக்கிறவரின் சட்டை நிறம் எல்லாம் அதில் தெரியும்.

இதற்கு வழி, பூட்ஸின் மேல் வெளிச்சம் அடிப்பதில்லை. பூட்ஸ் எதைப் பார்க்கிறதோ, அதை அழகாக்குவது. ஸ்டேஷனரி கடையில் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரோ, தெர்மாகோல் அட்டையோ வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், பூட்ஸுக்கு அருகில், படத்தில் தெரியாதபடி நிறுத்துங்கள். இப்போது பூட்ஸின் வளைவு நெடுக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தினால் அந்தக் கோடு அகலமாகும், மெலியும். எங்கே நிறுத்தினால் பூட்ஸின் உருவம் துலங்குகிறதோ, அங்கே நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், கறுப்புப் பொருளைப் பார்த்ததும் கேமரா ஏமாந்துபோகும். 'இடம் இருட்டாக இருக்கிறது' என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பு பூட்ஸ் சாம்பல் நிறமாக வெளுத்துவிடும். மொபைல் திரையில் பூட்ஸைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் கறுப்பு கறுப்பாகவே வரும். பிள்ளைகளின் வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்கு இதையே மாற்றிச் செய்ய வேண்டும். சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளாவிட்டால் வெள்ளை அழுக்காகத் தெரியும்.

ஆவடிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் ஒரு நினைவூட்டல்: பாதுகாப்புத் துறை வளாகங்களைச் சுற்றிப் படமெடுக்கத் தடை உண்டு. இந்தப் பயிற்சியை வீட்டுத் திண்ணையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பூந்தமல்லி: ஆயிரம் ஜோடிகளுக்கு நடுவே ஒன்று

திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூந்தமல்லியில் வரதராஜப் பெருமாள் கோயில். பக்கத்திலேயே மாங்காடு காமாட்சி, திருவேற்காடு கருமாரி. ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையில் இந்தப் பக்கம் போனால், கடலை முதலில் பார்ப்பது கோயில் வாசலில்தான். செருப்புக் கடல்!

கூட்டத்தைப் படமெடுக்கத் தனிப் பாடம் இருக்கிறது. எல்லாவற்றையும் காட்ட நினைத்தால் எதுவும் தெரியாது. கொஞ்சம் உயரமான படியில் நின்று நேர் கீழே பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் வடிவத்தைத் தேடுங்கள். பிறகு அதைக் கலைக்கும் ஒன்றைத் தேடுங்கள். நூறு பெரிய செருப்புகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் சிவப்புச் செருப்பு. புதுச் செருப்புகளின் வரிசையில் வார் அறுந்து ஊக்கு குத்திய ஒன்று. கண் அங்கே போய் நிற்கும். படமும் அங்கே நிற்கும். ஆனால், அழகுக்காக யார் செருப்பையும் நகர்த்தி வைக்காதீர்கள். சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர் தேடித் தவித்தால், அந்தப் பாவம் கேமராவைச் சேரும்!

கோயிலுக்கு வெளியே நிற்கும் இதே காலணிதான் பக்தி மரபில் உள்ளேயும் போயிருக்கிறது. ராமன் காட்டில் இருந்த 14 ஆண்டுகளும் அயோத்தியின் அரியணையில் இருந்தவை அவனுடைய பாதுகைகள். திருவரங்கனின் பாதுகைகளை மட்டுமே பாடி 1008 சுலோகங்கள் கொண்ட 'பாதுகா சஹஸ்ர'த்தை இயற்றினார் வேதாந்த தேசிகர். செருப்பணிந்த காலை சிவலிங்கத்தின்மேல் ஊன்றிக்கொண்டு தன் கண்ணைத் தோண்டிக் கொடுத்த கண்ணப்பர், நாயன்மார்களில் ஒருவர். 'தொடுதோல்' என்று சங்க நூலிலேயே செருப்புக்குப் பெயர் இருக்கிறது. வாசலில் விட்டுவிட்டுப் போகும் பொருளுக்கு, இலக்கியத்தில் இவ்வளவு இடம்!

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் காலணிப் பூங்காவும், மத்திய அரசின் காலணி வடிவமைப்பு மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் சென்னை வளாகமும் இருக்கின்றன. இங்கே காலணி என்பது விற்பனைக்கு வரும் சரக்கு. அதற்கான படமும் வேறு. பல இணையக் கடைகளில் கவனித்திருப்பீர்கள். சுத்தமான வெள்ளைப் பின்னணி, ஒற்றைக் கால் ஷூ, சற்றே திரும்பிய கோணம், சுருக்கமே கிடையாது. யாரும் போட்டு நடக்காத ஷூ என்பதைச் சொல்வதுதான் அந்தப் படத்தின் வேலை. ஸ்டில் லைஃப் படத்தின் வேலை நேர்மாறானது. அதில் ஒரு மனிதர் இருந்தாக வேண்டும்.

இரண்டையும் சேர்க்க முடியாதா? முடியும் என்று காட்டியவர் பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் கய் பூர்தான். சார்ல் ஜூர்தான் என்ற ஷூ நிறுவனத்தின் விளம்பரத்துக்காக 1979-ல் அவர் பிரிட்டன் முழுக்கப் பயணம் போனார். மாடல்கள் இல்லை. முழங்காலோடு வெட்டிய ஒரு ஜோடி பொம்மைக் கால்கள் மட்டும். அவற்றுக்கு ஷூ மாட்டி, பேருந்து நிறுத்தத்திலும் தெருவோரத்திலும் கடற்கரையிலும் நிற்க வைத்து எடுத்தார். பார்க்கிறவர் மனதில் மீதி உருவம் தானாக வளர்ந்தது. வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் செருப்பு விற்கும் பெண்களுக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் ஒரு படம் போதும். அடுத்த படத்தில் அந்தச் செருப்பு கோலத்துக்குப் பக்கத்திலோ, மல்லிகைக் கூடைக்குப் பக்கத்திலோ நிற்கட்டும். வாங்குகிறவர் அதில் தன்னைப் பார்ப்பார்.

வீட்டிலேயே ஸ்டூடியோ!

* உயரம்: ஐந்தடி உயரத்தில் நின்று எடுத்தால் செருப்பு கேவலமாகத்தான் தெரியும். தரையில் உட்கார்ந்து, செருப்பின் உயரத்துக்கு மொபைலைக் கொண்டு வாருங்கள். மொபைலைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்கு இன்னும் அருகில் வரும்.

* தூரம்: ரொம்பப் பக்கத்தில் போனால் மூக்கு வீங்கி, குதி சிறுத்துவிடும். நான்கடி தள்ளி வந்து, 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள்.

* வடிவம்: உள்ளே செய்தித்தாளைத் திணித்தால் ஷூ நிமிர்ந்து நிற்கும். சாய்கிற செருப்புக்கு அடியில் துளிக் களிமண் வைக்கலாம்.

* ஜோடி: இரண்டையும் ராணுவ வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒன்று நேராக, ஒன்று லேசாகத் திரும்பி அல்லது சாய்ந்து இருக்கட்டும். இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

* துணைப் பொருள்: ஒன்று போதும். டிபன் பாக்ஸ், சாவி, குடை, பஸ் பாஸ் என எதுவானாலும் அந்த ஆளுடையதாக இருக்கட்டும்.

* தரை: சிவப்பு ஆக்சைடு தரை, சிமென்ட் திண்ணை, கோணிச் சாக்கு மூன்றும் அருமையான பின்னணி. பளபள டைல்ஸைத் தவிர்த்துவிடுங்கள்.

* கேமரா வைத்திருப்பவர்களுக்கு: ஸ்டாண்டில் பொருத்தி, ஐ.எஸ்.ஓ 100, அபர்ச்சர் எஃப் 8, இரண்டு நொடி டைமர். பொருள் அசையாது, எனவே ஷட்டர் மெதுவாக இருந்தாலும் கவலையில்லை.

வெறும் கால்களின் கணக்கு

இவ்வளவு சொன்ன பிறகு, எடுக்கப்படாத படங்களைப் பற்றியும் பேச வேண்டும்.

தமிழ்நாட்டில் காலணி எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. தோலைப் பதப்படுத்தி, செருப்பு தைத்துக் கொடுத்த மக்களுக்கே, ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கும் உரிமை மறுக்கப்பட்டது. தெரு முனை வந்ததும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. இது பழங்கதை என்று நினைத்தால் தவறு. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாகச் சேர்க்க வேண்டிய தேவை, 2015-ம் ஆண்டுத் திருத்தத்தின்போதும் இருந்தது. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கத்தில் உள்ள ராஜாவூர் கிராமத்தில், பட்டியல் இன மக்கள் சுமார் 60 பேர் சேர்ந்து, அதுவரை செருப்போடு போக முடியாதிருந்த ஒரு தெருவில் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தார்கள். அன்றைக்கு அந்தக் கால்களில் இருந்த ரப்பர் செருப்புகளை யாராவது ஸ்டில் லைஃப் படமாக எடுத்திருந்தால், அது மியூசியத்தில் இருக்க வேண்டிய படம்.

உலகம் இதை அறிந்தே இருக்கிறது. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் டான்யூப் நதிக்கரையில் 60 ஜோடி இரும்புக் காலணிகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில், யூத மக்களைக் கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். அவர்களின் நினைவாக 2005-ல் வைக்கப்பட்ட சின்னம் அது. அங்கே சிலை இல்லை, முகம் இல்லை. ஆண்களுடையது, பெண்களுடையது, குழந்தைகளுடையது என்று காலணிகள் மட்டுமே. போகிறவர்கள் அவற்றுக்குள் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

காந்தி, தென்னாப்பிரிக்காவில் தன்னைச் சிறை வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்குத் தன் கையால் தைத்த ஒரு ஜோடி செருப்பைப் பரிசாகக் கொடுத்தார். பல ஆண்டுகள் அதை அணிந்த ஸ்மட்ஸ், 1939-ல் காந்தியின் 70-வது பிறந்த நாளையொட்டி அதைத் திருப்பி அனுப்பினார். அவ்வளவு பெரிய மனிதரின் காலணியில் நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்பது அவர் எண்ணம். செருப்பு, அவமானத்தின் அடையாளமாக மட்டுமில்லை. மரியாதையின் அடையாளமாகவும் இருக்க முடியும். அது எதுவாக இருக்கிறது என்பது பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது.

அதனால்தான் இந்தப் படங்களை எடுப்பதில் ஒரு நாகரிகமும் தேவைப்படுகிறது. சாலையோரத்தில் செருப்பு தைப்பவரின் குத்தூசியும் மெழுகு நூலும் தோல் துண்டுகளும் அருமையான ஸ்டில் லைஃப்தான். ஆனால், முதலில் அவரிடம் கேளுங்கள். ஒரு வேலையைக் கொடுத்து, கூலியைக் கொடுத்து, பிறகு படம் எடுங்கள். எடுத்ததை அவருக்குக் காட்டுங்கள். பிழைப்பின் வறுமை தெரிய எடுப்பது சுலபம். அவர் கைத்திறன் தெரிய எடுப்பதுதான் கலை.

ரிட்டயர்மென்ட் பரிசு

சேஃப்டி ஷூவோ பூட்ஸோ போட்டு முப்பது வருஷம் உழைத்தவர் ஓய்வுபெறும் நாளில் மாலை, சால்வை, குரூப் போட்டோ எல்லாம் கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் அந்த ஷூ, பழைய பேப்பர்காரரின் மூட்டைக்கோ, குப்பை வண்டிக்கோ போய்விடும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அப்பாவின் ஷூவாக இருக்கலாம்; நர்ஸ் வேலைக்குப் போன அம்மாவின் வெள்ளைச் செருப்பாக இருக்கலாம்; வீட்டு வேலைக்கு நடந்தே போய் வந்த பாட்டியின் ஹவாய் செருப்பாகவும் இருக்கலாம்.

படத்தை மொபைலிலேயே விட்டுவிடாமல், ஸ்டூடியோவில் கொடுத்து ஒரு பிரின்ட் போடுங்கள். பின்பக்கத்தில் அவர் பெயர், வேலை பார்த்த இடம், வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஓய்வுபெற்ற வருஷம் நான்கையும் எழுதி வையுங்கள். வான்கா வரைந்த ஷூ யாருடையது என்று அறிஞர்கள் அடித்துக்கொண்டதுபோல், உங்கள் பேரப் பிள்ளைகள் குழம்ப வேண்டியதில்லை!